பாட்டுக்குள் அடங்காத ஊர்

ஏரியா பெயரைச் சொல்லிப் பாடுவதை இன்றைய பிள்ளைகள்தான் கண்டுபிடித்தார்கள் என்பது போல நீங்களெல்லாம் அலுத்துக்கொள்கிறீர்கள். நேற்று மேடவாக்கத்திலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்தோமே, அப்போதுகூட நீங்கள் முகத்தைச் சுளித்தீர்கள். ஓட்டிய தம்பி, பெரும்பாக்கம் அடுக்குமாடிப் பிள்ளைகள் பாடிப் போட்ட பாட்டு ஒன்றை வைத்திருந்தார். பிளாக், மாடிப்படி, வராத லிஃப்ட், வருகிற தண்ணீர் லாரி எல்லாம் அதில் வந்தன. "இதெல்லாம் ஒரு பாட்டா?" என்றீர்கள். ஆட்டோ இரைச்சலில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை அது. இப்போது உட்கார்ந்து எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

நான் ஐந்தாம் வகுப்புப் படித்த வருஷத்து ஆடி மாதம். ராஜகீழ்ப்பாக்கம் என்று ஓர் ஊர் இருப்பது அப்போது அங்கே குடியிருந்தவர்களுக்கும் தபால்காரருக்கும் மட்டும்தான் தெரியும். வேளச்சேரிச் சாலையின் இரண்டு பக்கமும் வயல். நான்கு கல் நட்ட மனைகள். ஓட்டு வீடுகளுக்கு நடுவில் எங்களைப் போல் வந்து குடியேறிய வாத்தியார் வீடு, குமாஸ்தா வீடு என்று ஒன்றிரண்டு தளம் போட்ட வீடுகள். மழை பெய்தால் சாலைக்கு ஏரி வரும், வெயில் அடித்தால் ஏரிக்குள் சாலை போகும். பஸ் கண்டக்டர் "கேம்ப் ரோடு!" என்று கத்திவிட்டுச் சாய்ந்து உட்கார்ந்தால் அடுத்து மேடவாக்கத்தில்தான் வாயைத் திறப்பார். நடுவில் இறங்க வேண்டியவர்கள் தாமாகத்தான் எழுந்து கூரையைத் தட்ட வேண்டும்.

எங்கள் ஊர்க்காரர்களே ஊர்ப் பெயரைச் சொல்ல மாட்டார்கள். "தாம்பரம் பக்கம்" என்று முடித்துவிடுவார்கள். காரணம் உங்களுக்கே தெரியும். முழுப் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் எதிரில் இருப்பவர் "கீழ்ப்பாக்கமா? ஏன், என்ன ஆச்சு? எப்ப விட்டாங்க?" என்று கேட்டுவிடுவார். அந்தக் காலத்தில் கீழ்ப்பாக்கம் என்றாலே மனநல ஆஸ்பத்திரிதான் ஞாபகத்துக்கு வரும். தென்காசியிலிருந்து வந்த எங்கள் பெரியப்பா இந்த நகைச்சுவையை ஒவ்வொரு வருஷமும் புதிதாகக் கண்டுபிடித்தது போல் சொல்லிச் சிரிப்பார். அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு காப்பி கொடுப்பார்.

அப்பா கணக்கு வாத்தியார். ஞாயிற்றுக்கிழமைகளில் சேலையூர்ப் பக்கத்துச் சர்ச்சில் பாடகர் குழுத் தலைவர். அப்பாவின் தங்கை, என் அத்தை, எங்கள் வீட்டில்தான் இருந்தாள். கிண்டியில் ஓர் ஆபீஸில் டைப்பிஸ்ட் வேலை. அவள் குரலைப் பற்றி நான் ஒன்றும் பெரிதாக வர்ணிக்கப் போவதில்லை. அவள் பாடினால் சர்ச்சில் குழந்தைகள் அழுகையை நிறுத்தும். அவ்வளவு போதும்.

அத்தைக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒன்றும் தகையவில்லை. அத்தை சில நாள் சாயங்காலங்களில் யாரோடும் பேசாமல் கொடியில் துணி எடுத்துக்கொண்டு நிற்பாள். "கல்யாணம் தள்ளிப் போகுதில்ல, பாவம்" என்று அம்மா அண்டை வீட்டாரிடம் சொல்வாள். அப்பாவும் அப்படித்தான் நினைத்தார். பெரியவர்கள் ஒருவரைப் பார்த்துப் பரிதாபப்பட ஆரம்பித்துவிட்டால் அப்புறம் அவரை எதுவும் கேட்க மாட்டார்கள்.

அந்த ஆடி பிறப்பதற்குச் சற்று முன்னால் ஒரு அக்கார்டியன்காரர் எங்கள் வீட்டுக்கு வந்தார். அப்பாவிடம் கணக்குப் படித்தவர். பகலில் ரயில்வேயில் கிளார்க், சாயங்காலத்தில் தாம்பரத்து மெல்லிசைக் குழு ஒன்றின் தலைவர். அகலமான பெல்பாட்டம் போட்டிருந்தார். அப்பாவைப் பார்த்ததும் அதை எப்படிச் சுருக்குவது என்று தெரியாமல் காலை ஒட்டி வைத்துக்கொண்டு நின்றார்.

விஷயம் இதுதான். கச்சேரி என்றால் முதலில் பிள்ளையார் பாட்டு, அடுத்து ஒரு இஸ்லாமியப் பாட்டு, அதற்கடுத்து ஒரு கிறிஸ்தவப் பாட்டு. இந்த மூன்றும் முடிந்தபிறகுதான் சினிமாப் பாட்டு. அது அம்மன் கோயில் திருவிழாவாக இருந்தாலும் அப்படித்தான். அவர்களுடைய கிறிஸ்தவப் பாட்டுக்காரர் வேலை மாற்றலாகிப் போய்விட்டார்.

"மூணுல ஒண்ணு இல்லாம கச்சேரிய ஆரம்பிச்சா நல்லா இருக்காது சார். சிஸ்டர் அந்த ஒரு பாட்டு மட்டும் பாடினா போதும்" என்றார்.

அப்பா மோவாயைத் தடவினார். அம்மன் கோயில் கூட்டத்தில் சுவிசேஷம் என்ற எண்ணம் அவருக்குப் பிடித்துவிட்டது என்று நினைக்கிறேன். ஒத்துக்கொண்டார், நிபந்தனைகளோடு. அவரும் கூட வருவார். என்னையும் அழைத்து வருவார். பாட்டு முடிந்த நிமிஷமே அத்தை மேடையைவிட்டு இறங்கி, நேரே பஸ் ஸ்டாப்புக்கு வந்துவிட வேண்டும். சினிமாப் பாட்டு ஆரம்பிக்கும்போது எங்கள் வீட்டுப் பெண் மேடைமேல் இருக்கக் கூடாது.

அத்தை "சரி அண்ணே" என்றாள். அன்று சாயங்காலம் கொடியில் துணி எடுக்கும்போது முணுமுணுத்துக்கொண்டே எடுத்தாள்.

முதல் கச்சேரி பம்மலில். வேப்பிலைத் தோரணம், கூழ் வாசனை, கருவாட்டுக் குழம்பு வாசனை, ஜெனரேட்டர் புகை. குழுவிடம் புதிதாக எக்கோ மிஷின் ஒன்று வந்திருந்தது. "வணக்கம்" என்று ஒரு தரம் சொன்னால் பொழிச்சலூர் வரைக்கும் வணக்கம் போகும். அத்தை கண்ணை மூடிக்கொண்டு பாடினாள். கூட்டம் அடங்கியது. ஆனால் ஒரு சங்கடம். எங்கள் சர்ச்சில் பாட்டின் ஒவ்வொரு அடி முடிவையும் எல்லோரும் சேர்ந்து இழுத்து நிறுத்துவார்கள். முன்வரிசைத் தாத்தாக்களுக்கு மூச்சு வாங்க அவகாசம் வேண்டும் என்று வந்த பழக்கம். அத்தை அதே பழக்கத்தில் அடி முடிவில் நின்று இழுத்தாள். தபலாக்காரர் அடுத்த அடிக்கு ஓடிப் போய்விட்டுத் திரும்பி வந்தார். மறுபடி இழுத்தாள், மறுபடி ஓடினார். மேடையில் சிரித்துவிட்டார்கள். அத்தையும் சிரித்தபடிதான் இறங்கினாள், ஆனால் முகம் சிவந்திருந்தது.

பஸ் ஸ்டாப்புக்கு வந்தோம். அங்கேதான் வேடிக்கை. மைக் செட்காரர் குழாய் ஸ்பீக்கர் ஒன்றைச் சரியாக அந்த ஸ்டாப்பின் கம்பத்திலேயே கட்டியிருந்தார். வாய் எங்களைப் பார்த்து இருந்தது. பஸ் வரவில்லை. சினிமாப் பாட்டு வந்துகொண்டே இருந்தது. அப்பா சாலையைப் பார்த்து விறைப்பாக நின்றார்.

"பேஸ் கிடார் சுருதி சேரல" என்றார் ஒரு பாட்டுக்கு.

"ஆமா அண்ணே."

"அந்தப் பொண்ணு மேல் ஸ்தாயில கத்துது."

"அது பொண்ணு இல்ல அண்ணே, டோலக் வாசிக்கிறவரு. அவருதான் பொம்பளைக் குரல்லயும் பாடுவாரு."

அப்பா திகைத்துப் போய் ஸ்பீக்கரை அண்ணாந்து பார்த்தார். அப்புறம் ஒரு ஜோடிப் பாட்டு வந்தது. அத்தை உதட்டை அசைத்துக்கொண்டு நின்றாள், சத்தமே இல்லாமல். அந்த நேரம் பார்த்து பஸ்ஸும் வந்தது, காலியாக. "கூட்டமா இருக்கு, அடுத்ததுல போவோம்" என்றார் அப்பா. கண்டக்டர் எங்களை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு விசில் கொடுத்தார். பாட்டு முடிகிறவரை அப்பாவின் செருப்பு தாளம் போட்டுக்கொண்டிருந்ததை நானும் அத்தையும் பார்த்தோம், பார்க்காதது போலவும் இருந்தோம்.

கச்சேரியின் கடைசியில், நாங்கள் இன்னும் ஸ்டாப்பிலேயே நின்றிருந்தபோது வந்ததுதான் ஊர்ப் பாட்டு. அது சினிமாப் பாட்டு இல்லை, குழுவின் சொந்தச் சரக்கு. வார்த்தையும் மெட்டும் அக்கார்டியன்காரர் போட்டது. படு வேகமான மெட்டு.

"மீனம்பாக்கம் மேல பறக்குது ப்ளேனு – எங்க
தாம்பரத்தில் கூவுது பார் ட்ரெயினு
கோவளத்துக் கடலுக்குள்ள வஞ்சிர மீனு
சேலையூரு வயலுக்குள்ள சொட்டுது தேனு"

இப்படியே பல்லாவரம், பம்மல், பொழிச்சலூர், குரோம்பேட்டை, மேடவாக்கம் என்று போகும். ஒவ்வோர் ஊர் பெயரும் வரும்போது அந்த ஊர்க்காரர்கள் விசில் அடிப்பார்கள், துண்டை வீசுவார்கள். பம்மல் பெயர் வந்தபோது ஸ்பீக்கரே உடைந்துவிடும் போல் இருந்தது. பம்மல்காரர்கள் பம்மலில் இருப்பதற்கு அவ்வளவு சந்தோஷப்பட முடியும் என்று எனக்கு அதுவரை தெரியாது. என் ஊர் பெயர் எப்போது வரும் என்று கழுத்தை நீட்டிக் காத்திருந்தேன். சேலையூர் முன்பே போயிருந்தது, கடைசியில் மேடவாக்கமும் வந்துவிட்டது. பாட்டும் கண்டக்டரைப் போலவே எங்களைத் தாண்டிப் போய்விட்டது.

எனக்கு அழுகை வந்தது. "ஏன் அத்தை நம்ம ஊரைச் சொல்லல?" என்று கேட்டேன். அப்பா மறுநாளே அக்கார்டியன்காரரைக் கூப்பிட்டு விசாரித்தார்.

"போட்டுப் பாத்தேன் சார். அடங்கல. மெட்டு வேகமா ஓடுது. ராஜகீழ்ப்பாக்கம்னு சொல்லி முடிக்கறதுக்குள்ள தபலா அடுத்த ஊருக்குப் போயிடுது. உங்க ஊரு பேரு கொஞ்சம் நீளம் சார்" என்றார், ஏதோ அப்பாதான் பெயர் வைத்தது போல.

பாட்டு ஆடி முழுக்க ஒவ்வொரு கோயிலாகப் பாடப்பட்டது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் அதைப் பாடினார்கள். பொழிச்சலூர்ப் பெண் ஒருத்தி தன் ஊர் வருகிற அடியை மட்டும் என் காதுக்குள் வந்து பாடினாள். கோவளத்துப் பக்கமிருந்து கூடையோடு வருகிற மீன்கார அக்கா வாசலில் உட்கார்ந்து செதில் சீவிக்கொண்டே கேட்டார்.

"இன்னாம்மா டீச்சர் வூட்டம்மா, உங்க ஊரு பேரு பாட்டுல வர்லியாமே? எங்க ஊரு மீனுக்குக்கூட பேரு கீது பாரு அதுல."

அம்மா அன்று வஞ்சிரம் வாங்கவில்லை. அதுதான் அவளால் செய்ய முடிந்த பழிவாங்கல்.

ஆடிக் கடைசியில் எங்கள் ஊர் அம்மன் கோயில் திருவிழா. விழாக் கமிட்டித் தலைவர் எங்கள் ஊர் சைக்கிள் கடைக்காரர். இதே குழுவைத்தான் அவரும் பேசியிருந்தார். பாட்டு விஷயம் காதில் விழுந்ததும் கிரீஸ் கையோடு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார், அப்பாதான் அக்கார்டியன்காரருக்கு வாத்தியார் என்பதால்.

"சார், எங்க கோயிலாண்டயே வந்து எங்க ஊரு பேரு இல்லாத பாட்டப் பாடிட்டுப் போவாங்களா? பசங்க மைக் ஒயர புடுங்கிடுவானுங்க. பெரிய பேஜாராப் பூடும். நீங்கதான் ஒரு வழி பண்ணணும்."

அப்பா வீட்டில் டியூஷனுக்கு வைத்திருந்த கரும்பலகைக்கு முன்னால் உட்கார்ந்தார். சாக்பீஸால் மேஜையில் தாளம் தட்டினார், வாய்க்குள் பாடினார், தலையை ஆட்டினார், எழுதி எழுதி அழித்தார். "ராஜபாக்கம்னு சுருக்கிடலாம்" என்றார். சைக்கிள் கடைக்காரர் துடித்துப்போனார். "இன்னா சார், ஊரையே பாதியா அறுத்துட்டீங்களே!" முன்னால் இருப்பதை விட்டுவிட்டு கீழ்ப்பாக்கம் என்று மட்டும் பாடலாமா என்று அம்மா கேட்டாள். "அதப் பாடினா கச்சேரிக்கு ஆம்புலன்ஸ்தான் வரும்மா" என்றார் அவர். கணக்கில் எதையும் தீர்த்துவிடுகிற அப்பா அந்த வாரம் முழுக்க ஒரு மாதிரியாகவே இருந்தார். திருவிழா நெருங்கிவிட்டது.

ஒரு நாள் காலையில் அத்தை பின்கட்டில் கை பம்பு அடித்துக்கொண்டிருந்தாள். நான் குடத்தைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பம்பு அடிக்கிற வேகத்தில் ஊர்ப் பாட்டைப் பாடினாள். தாம்பரம், சேலையூர் என்று வந்ததும் திடீரென்று பம்பை நிறுத்தினாள். மிச்சத் தண்ணீர் மட்டும் குடத்தில் விழுந்துகொண்டிருந்தது. அந்தச் சத்தத்தின்மேல், ஒரே மூச்சில், சர்ச்சில் அடி முடிவில் இழுப்பது போல நிதானமாக ஊர்ப் பெயரைப் பாடினாள். முழுப் பெயரையும், ஒரு எழுத்தைக்கூட விடாமல். மூச்சு முடியும் இடத்தில் பம்பை ஒரே குத்தாக இறக்கி மறுபடி வேகத்தைப் பிடித்துக்கொண்டாள்.

முகத்தில் பாதி சோப்பு நுரையோடு அப்பா வெளியே ஓடி வந்தார்.

"என்ன பாடின? இன்னொரு தடவை பாடு."

"மேடையில பாடறேன் அண்ணே" என்றாள் அத்தை. பம்பை விடவில்லை.

"நீ எங்க அதைப் பாட முடியும்? அது கடைசிப் பாட்டாச்சே. அந்தப் பசங்களுக்குச் சொல்லிக் கொடுத்துடு."

"அவங்களுக்கு இந்த மூச்சு வராது. நாந்தான் பாடணும். கடைசிப் பாட்டு வரைக்கும் நான் பஸ் ஸ்டாப்புல நிக்க முடியாது. மேடையிலதான் நிப்பேன். மேடையில சும்மாவும் நிக்க மாட்டேன், எல்லாப் பாட்டும் பாடுவேன். ஜோடிப் பாட்டும்."

அப்பா துண்டால் நுரையைத் துடைத்தார். "நாலு பேர் நாலு விதமாப் பேசுவாங்கம்மா. நாளைக்கு ஒரு மாப்பிள்ளை வீட்டுக்காரங்க..."

"வரவே வராத மாப்பிள்ளைக்காக எவ்வளவு நாள் அண்ணே ஒரே பாட்டோட இறங்கறது?"

அதை அவள் கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு குடத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். சாயங்காலங்களில் அவள் கொடியடியில் நின்றதெல்லாம் எதற்காக என்று எனக்கு இப்போது புரிகிறது. கல்யாணத்துக்காக ஏங்குகிறாள் என்று வீடே நம்பிக்கொண்டிருந்தது. அவளுக்கு வேண்டியிருந்தது ஒரு முழுக் கச்சேரி.

அப்பாவின் மனதை மாற்றியது அம்மா. மாப்பிள்ளை வீட்டைப் பற்றி அதிகம் கவலைப்பட்டவளும் அவள்தான். ராத்திரிச் சாப்பாட்டில் சாம்பாரை ஊற்றிக்கொண்டே, "அந்த மீன்காரி முன்னால நான் இன்னும் எவ்வளவு நாளைக்குத் தலை குனிஞ்சு நிக்கறது? பாடட்டும் விடுங்க" என்றாள். ஊர் மானம் என்பது எந்தக் கதவைத் திறக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

திருவிழா அன்று பகலெல்லாம் தூறல். சாயங்காலம் வானம் விட்டது. ஈரத் தென்னங்கீற்று வாசனையோடு மேடை தயாராகியிருந்தது. அத்தை ஊதா நிற நைலக்ஸ் புடவை கட்டியிருந்தாள். அப்பா முன்வரிசையில் இரும்பு மடக்கு நாற்காலியில், சைக்கிள் கடைக்காரருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். கிறிஸ்தவப் பாட்டு முடிந்தது. பழக்கதோஷத்தில் அப்பா எழுந்து நின்றுவிட்டார். பின்னாலிருந்து "உக்காரு சார், மறைக்குது" என்று சத்தம் வந்தது. உட்கார்ந்தார்.

அத்தை பாடினாள். ஒன்று மாற்றி ஒன்று. ஜோடிப் பாட்டில் எதிரில் பாடியவர் திணறும்போது அவருக்காகக் காத்திருந்தாள். டோலக் வாசிப்பவர் பல வருஷத்துக்குப் பிறகு டோலக்கை மட்டும் வாசித்தார், அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. விமானப்படை விமானம் ஒன்று தலைக்குமேல் இரைந்துகொண்டு போனது. அது போய்த் தீரும்வரை அத்தை ஒரே ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கூட்டம் கை தட்டியது. யாரும் நாலு விதமாகப் பேசவில்லை. எல்லோரும் ஒரே விதமாகத்தான் பேசினார்கள்: "யாருப்பா இது? நம்ம வாத்தியார் தங்கச்சியா?"

கடைசியில் ஊர்ப் பாட்டு. மீனம்பாக்கம், தாம்பரம், கோவளம், சேலையூர். அக்கார்டியன்காரர் கையை உயர்த்தினார். எல்லா வாத்தியமும் நின்றது. அந்த அமைதியில் அத்தை தனியாகப் பாடினாள்.

"ராஜகீழ்ப்பாக்கம்..."

எக்கோ மிஷின் அதை வயல் மேலே அனுப்பியது. ஏரிப் பக்கமிருந்து பெயர் திரும்பி வந்தது. பிறகு தபலா ஒரு குத்து குத்த, அடுத்த அடி: "எங்க வூடு இங்க கீது, எறங்கிக்கடா சீனு!"

விசில் வரவில்லை. ஒருவரும் அசையவில்லை. தோற்றுவிட்டோம் என்றே நினைத்தேன். இப்போது யோசித்தால் தெரிகிறது, தங்கள் ஊர் பெயருக்கு எப்படி விசில் அடிப்பது என்று அவர்களுக்குப் பழக்கமே இல்லை. அவர்கள் எப்போதும் தாம்பரம் பக்கத்துக்காரர்கள். கூட்டத்தின் ஓரத்திலிருந்து ஒரு குரல்தான் அதை உடைத்தது. கூழ் குடிக்க வந்திருந்த எங்கள் மீன்கார அக்காவின் குரல்.

"இன்னாய்யா வாயப் பாத்துகினு கீறீங்க? உங்க ஊரு பேருய்யா! இன்னொரு தபா பாடும்மா!"

அவ்வளவுதான். வெடித்தது பாருங்கள். துண்டு, செருப்பு, சைக்கிள் டியூப் எல்லாம் மேலே பறந்தன. அந்த ஓர் அடியை அன்று எத்தனை முறை பாடவைத்தார்கள் என்று கணக்கு வாத்தியாராலேயே சொல்ல முடியவில்லை. சைக்கிள் கடைக்காரர் கண்ணைத் துடைத்துத் துடைத்து முகமெல்லாம் கிரீஸ். சீனு யார் என்று அம்மா ஒரு வாரம் விசாரித்துக்கொண்டிருந்தாள். அது வெறும் மீனு, தேனுக்குப் பொருத்தமாக வந்த ஆள் என்று சொல்லியும் அவள் நம்பவில்லை.

அதற்குப் பிறகு பஸ்ஸில் கூரையைத் தட்ட வேண்டியிருக்கவில்லை. கண்டக்டர்களே அந்த மெட்டில் எங்கள் ஊரை இழுத்துப் பாடி நிறுத்தினார்கள். பெரியப்பா அடுத்த முறை வந்து தன் பழைய நகைச்சுவையை எடுத்தபோது, தெருப் பிள்ளைகள் அவருக்கு முழுப் பாட்டையும் பாடிக் காட்டினார்கள். ஊர் எதுவும் மாறவில்லை, அதே வயல், அதே சேறு. ஆனால் நாங்கள் எங்கிருந்து வருகிறோம் என்று கேட்டால் பெயரைச் சொன்னோம். ஆகவேதான் பெரும்பாக்கத்துப் பிள்ளைகளின் பாட்டுக்கு நான் முகம் சுளிப்பதில்லை. சென்னைக்குள் இருந்த குடிசைகளை அகற்றிவிட்டுக் கொண்டுவந்து குடிவைத்த இடத்தை அவர்கள் பாடிப் பாடித் தங்களுடையதாக ஆக்கிக்கொள்கிறார்கள்.

அன்று கச்சேரி முடிந்து மைக் செட்காரர்கள் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். அத்தை மேடை ஓரத்தில் உட்கார்ந்து சோடா குடித்துக்கொண்டிருந்தாள். அக்கார்டியன்காரர் அப்பாவிடம் வந்தார்.

"சார், அடுத்த வாரம் பல்லாவரத்துல ஒரு கச்சேரி. முழுசா பாடறதுக்கு சிஸ்டர அனுப்புவீங்களா?"

அப்பா தன் தங்கையைத் திரும்பிப் பார்த்தார்.

"என்னை ஏம்ப்பா கேக்கற?" என்றார். "அவளைக் கேளு."

அக்கார்டியன்காரர் அத்தையிடம் போய் அதே கேள்வியைக் கேட்டார். எங்கள் வீட்டில் அவளைப் பற்றிய எந்தக் கேள்வியும் அதுவரை அவளிடம் வந்ததில்லை. தன்னைத்தான் கேட்கிறார்கள் என்று புரிய அவளுக்குச் சற்று நேரம் ஆயிற்று. பிறகு முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்:

"எத்தனை மணிக்கு வரணும்?"